எப்போதிலிருந்து

கழுவின கப்பையே மறுபடியும் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்பது பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. நீல வளையம் போட்ட கப், கைப்பிடியில் சில்லுப் பெயர்ந்தது, இதைத்தானே துடைத்துக் கவிழ்த்தோம் என்று பார்த்தால் கவிழ்த்த இடம் காலியாக இருந்தது. கை தன்பாட்டுக்கு அதை எடுத்து மறுபடி நுரைக்குள் அமுக்கியிருக்கிறது. கை இங்கே தொட்டிக்குள் கிடக்கிறது, ஆள் இன்னும் அடுத்த அறையில், அந்தப் பெரிய ஹாலில், பிளாஸ்டிக் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஐரீனைக் கொண்டுபோய்விட்டார்கள். பச்சை உடுப்புப் போட்ட ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் சக்கரக் கட்டிலில் கிடத்தி, வார் போட்டு இறுக்கி, முகத்தில் மழை விழாமல் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டது. அப்புறம் ஹாலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வட்டமாகப் போட்ட நாற்காலிகள் அப்படியே கிடந்தன, ஐரீன் விழுந்த இடத்தைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள், அந்த இடத்தை மட்டும் ஒருத்தரும் மிதிக்கவில்லை. பாண்டிச்செல்வி கப்புகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஹாலில், பிழைக்க வந்தவர்களுக்கும் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் காசு வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஐரீன், இந்தக் கோவன்ட்ரியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வெள்ளைக்காரி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறாள், இவள் கப்புக் கழுவுகிறாள்.

இந்த ஊரில் சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணிக்கு ஒரு குழாய். ஒன்று கொதிக்கும், ஒன்றில் விரல் விறைக்கும், ரெண்டும் கலக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. கொதிக்கிற பக்கமே கையை நீட்டினாள். சுட்டது. சுடட்டும். தண்ணி வேலை அவளுக்கு என்ன புதுசா. சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கையில், இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு வாசிக்க வராத நாலைந்து பேர் கையில் வாத்தியாரே குடத்தைக் கொடுத்துக் கிணற்றுக்கு அனுப்பிவிடுவார். 'மெதுவா வாங்கத்தா, ஒண்ணும் அவசரமில்ல' என்பார், அவ்வளவு பாசமாக வேறு எந்த நாளும் பேசினதில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பு ரோட்டில் திரும்பிப் போகிற தூசியைப் பார்த்த பிறகுதான் குடத்தைத் தூக்குவார்கள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. பள்ளிக்கூடம் நின்றதே தவிர அந்தப் பழக்கம் நிற்கவில்லை. யாராவது ஏதாவது கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், கை தண்ணியைத் தேடும். கல்யாணப் பேச்சு நடந்தபோது அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விசா ஆபீஸில் அவள் முறை வந்தபோது கைகழுவப் போயிருந்தாள், புருஷன் அழகர்சாமி தேடிக்கொண்டு வந்து, 'ஏ புள்ள, ஒன்னயக் கட்டிக்கிட்டு வந்ததுக்கு ஒரு தண்ணி டேங்கக் கட்டிக்கிட்டு வந்துருக்கலாம்' என்று பல்லைக் கடித்தான். அவன் இங்கே ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், காலையில் போனால் நடுச்சாமத்துக்குத்தான் வருவான், அவளும் மூணு வயசு ரக்‌ஷிதாவும் ஒரு ஜன்னலும்தான் வீடு. இந்த வகுப்புக்கு வந்த முதல் நாளே சமையலறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டாள். இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டாள். ஐரீன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதிலிருந்து டீ செல்வியுடையது. பேசுகிற முறை வருகிற நேரம் பார்த்து டீயும் கொதித்துவிடும்.

ஐரீன் வேலைக்குப் போன காலமெல்லாம் ஆம்புலன்ஸ் ஆபீஸில் போன் எடுத்தவள். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்பாள். எந்த நாட்டுக்காரி என்றே தெரியாத ஒரு பொம்பளை போனில் அழுதுகொண்டே இருந்தாளாம், ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரவில்லையாம், ஊர் தெரியாமல் தெருத் தெரியாமல் வண்டி அனுப்ப வழியில்லாமல் அந்த அழுகை நிற்கிறவரை ஐரீன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். அதற்காகத்தான் இந்த வகுப்பு. மற்ற இடத்தில் ஆப்பிள், பால், நாய், பூனை என்று ஆரம்பிப்பார்கள், ஐரீன் ஆரம்பிக்கிறதே ஆள் விழுந்து கிடப்பதிலிருந்து. ஒவ்வொரு வாரமும் கடைசியில் அந்த விளையாட்டு உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பாள், 'ரெடி?' என்பாள், பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் சாய்ந்து நாக்கைத் தொங்கப்போடுவாள். காலையில் இதே ஹாலுக்கு வருகிற குழந்தைகளின் பொம்மைப் பெட்டியில் ஒரு சிவப்பு போன், முன்பக்கம் ரெண்டு கண்ணும் சிரிக்கிற வாயும் வரைந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பேச வேண்டும். பிணமும் ஐரீன்தான், ஆம்புலன்ஸ் ஆபீஸும் ஐரீன்தான். செத்துக் கிடந்தபடியே ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்பாள்: எந்த இடம், என்ன ஆச்சு, மூச்சு இருக்கா, எப்போதிலிருந்து? அந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாரும் 'ஜஸ்ட் நவ்' என்பார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்துவிடும். இப்பத்தானாம், இப்பத்தானாம்! நான் போன் எடுத்த காலம் பூரா இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூட நேற்று நெஞ்சு வலித்ததில்லை, காலையில் மயக்கம் வந்ததில்லை, எல்லாருக்கும் எல்லாமும் இப்பத்தான்! எல்லாரும் சிரிப்பார்கள். ஐரீன் சிரிக்கமாட்டாள். சும்மா பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோமே என்ற வெட்கத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் வெட்கப்படாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள், அந்த நேரத்தை வைத்துத்தான் எந்த மருந்தைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்று டாக்டர் பார்ப்பார், நேரம் தப்பினால் நல்ல மருந்தே ஆளை முடித்துவிடும். பலகையில் கடிகாரம் வரைந்து, தலையைத் தொட்டு, ரத்தம் வழிகிற மாதிரி விரலை ஆட்டி, மெதுவாகச் சொன்னாள். பாண்டிச்செல்விக்கு ஆதியோடந்தமாகப் புரிந்த முதல் பாடம் அதுதான். புரிந்தது என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்ததால் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை நிரப்பினாள்.

போன வாரம் ஐரீன் இந்தச் சமையலறைக்கே வந்துவிட்டாள். இதோ இந்த இடத்தில், இந்தத் தொட்டி ஓரத்தில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்று, 'அடுத்த வாரம் டீ கிடையாது செல்வி, அடுத்த வாரம் போன்' என்றாள். செல்வி தலையை ஆட்டினாள். எதற்கும் ஆட்டுகிற தலைதானே. இன்றைக்கு மற்றவர்கள் புத்தகங்களை மூடிவைத்ததும் ஐரீன் அந்தச் சிவப்பு போனைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள், ரெண்டு எட்டு வைத்தாள், நடுவில் விழுந்தாள். எல்லாரும் ஓவென்று சிரித்துக் கைதட்டினார்கள். நாற்காலிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு நகர்ந்து இடம்விட்டார்கள். திருகோணமலையிலிருந்து வந்த தவமணி அக்கா, வகுப்பில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள், சத்தமாகவே சொன்னாள், 'சொல்லு பிள்ளை, ஏன் வெக்கப்படுறாய், நாங்கள் என்ன உன்னைப் பொம்பிளை பாக்கவோ வந்திருக்கிறம்?' பாண்டிச்செல்விக்கு அந்தச் சத்தமெல்லாம் தண்ணிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது, ஏனென்றால் அவள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மேஜையில் இல்லை. ஐரீனின் முகத்தில், ஒரு காதிலிருந்து கழன்று, கன்னத்தில் அழுந்திக் கோணிக்கொண்டு கிடந்தது. ரெடி என்று கேட்கவில்லை. பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது, எவ்வளவு விளையாட்டிலும் ஐரீன் பாவாடையை இழுத்துவிடாமல் விழமாட்டாள். தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவள் செய்தது என்ன? அதை நினைக்கிறபோது கப் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது, உடையவில்லை. தெரிந்த பிறகு அவள் போனைக் காதில் வைத்துப் பேசினாள். இத்தனை வாரமாய்த் தொண்டையில் கட்டிக் கிடந்தது அத்தனையும், ஒரு சொல் தட்டாமல், ஒரு சொல் விழுங்காமல், அவளுடைய குரல்தானா என்று அவளே மிரளுகிற அளவுக்குச் சத்தமாக வந்தது. ஹலோ, ஆம்புலன்ஸ் ப்ளீஸ். சர்ச் ஹால், எல்ம் ரோடு, கோவன்ட்ரி. ஒன் லேடி ஃபெல். ஷீ இஸ் நாட் வேக்கிங். ப்ளீஸ் கம். பிளாஸ்டிக் போனில். கண்ணும் வாயும் வரைந்த போனில். சட்டைப்பையில் நிஜ போன், இந்தப் பாழாய்ப்போன சட்டைப்பையில், இடுப்பில் இடித்துக்கொண்டு கிடந்தது, அந்த நினைப்பே இல்லை. அவள் பேசி முடித்ததும் ஹால் அதிர்ந்துபோனது, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், யாரோ விசில்கூட அடித்தார்கள், ரக்‌ஷிதா பொம்மைகளை விட்டுவிட்டு ஓடிவந்து, 'அம்மா சூப்பர்' என்றது. வாழ்க்கையில் அவளுக்கு முதல்முதலாகக் கிடைத்த கைதட்டல், அதைத் தரையில் கிடந்து ஐரீன் கேட்டிருப்பாளோ? கேட்டிருந்தால்? எல்லாரும் பிணம் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஒற்றைக் கண் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த அமைதி நீண்டது, நீண்டுகொண்டே போனது, கைதட்டிய முகங்களில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் சீனாவிலிருந்து படிக்க வந்த மெய்லின், சின்னப் பெண், முட்டிபோட்டு உட்கார்ந்து ஐரீனின் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அது எந்த மொழியும் இல்லை. அதற்கப்புறம்தான் மெய்லினுடைய நிஜ போன்.

இன்னும் கையில் அந்தத் தட்டல் இருக்கிறது. காதில் இல்லை, உள்ளங்கையில், தானே தட்டிக்கொண்ட மாதிரி எரிகிறது. சுடுதண்ணியாலாக இருக்கும். பச்சை உடுப்புப் பொம்பளை ஐரீனின் ரெண்டு கையையும் தூக்கிப் பிடித்து விட்டுப் பார்த்தாள், ஒரு கை நின்றது, ஒரு கை பொத்தென்று விழுந்தது. அப்புறம் நிமிர்ந்து வட்டமாக எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டாள், எப்போதிலிருந்து? நல்லபடியாக இருந்ததைக் கடைசியாக யார் பார்த்தது? பாடத்தில் இருக்கிற அதே கேள்வி. எல்லாரும் படித்த கேள்வி. தவமணி அக்காதான் முன்னால் வந்து, 'ஜஸ்ட் நவ்' என்றாள். திருப்பியும் சொன்னாள், 'ஜஸ்ட் நவ், நோ ப்ராப்ளம் பிஃபோர்.' எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மெய்லின் ஆட்டினாள். பாண்டிச்செல்வியும் ஆட்டினாள். ஆட்டிய தலைக்குள்ளே ஐரீன் எழுந்து உட்கார்ந்து இப்பத்தானாம், இப்பத்தானாம் என்று கத்திக்கொண்டிருந்தாள், வெளியே அவளை வார்போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைக் கதவு திறந்தது, தவமணி அக்கா வந்தாள். துண்டை எடுத்துக் கப்புகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கப்பும் கப்பும் இடித்துக்கொண்டன. 'மனுசி பிழைச்சிடும்' என்றாள். 'உதெல்லாம் இஞ்சை பெரிய ஆஸ்பத்திரி. பிழைச்சிடும்.' பாண்டிச்செல்வி தொட்டியைப் பார்த்துக்கொண்டே, 'அக்கா' என்றாள், குரல் மறுபடி பழைய குரலாகிவிட்டிருந்தது, 'அவங்களுக்கு முன்னாடியே சரியில்லக்கா. டீ குடிக்கும்போதே. நான் பாத்தேன்.' தவமணி அக்கா கதவைப் பார்த்தாள், போய் அதைச் சாத்திவிட்டு வந்தாள். 'இஞ்சை பார் பிள்ளை. பாத்தனி எண்டா ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள். சொன்னாயோ?' 'இல்லக்கா.' 'பிறகென்ன. வாயைப் பொத்திக்கொண்டு இரு. அவங்கள் கேக்கேக்கை நல்லவங்கள் மாதிரித்தான் கேப்பாங்கள், தேத்தண்ணியும் தருவாங்கள். எழுதி வைச்சிருந்திட்டு, பிறகு எடுத்து, அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனி, இண்டைக்கு ஏன் இப்பிடிச் சொல்லுறாய் எண்டு கேப்பாங்கள். நான் அகதியா வந்த புதுசிலை, கப்பலிலை ஏறினது எந்த மாசம் எண்டு விசா ஆபீசிலை கேட்டாங்கள். எனக்கு மாசம் தெரியுமோ, புருசன் எங்கை எண்டே தெரியாமல் ஓடி வந்தனான். மழை பெஞ்சது எண்டு நினைப்பு, ஒரு மாசத்தைச் சொல்லிப்போட்டன். ரெண்டாந்தரம் கேக்கேக்கை வேறை மாசம் வந்திட்டுது. பொய்க்காரி எண்டு எழுதிப்போட்டாங்கள். என்ரை மகன் அங்கை, நான் இஞ்சை, எத்தினை வருசம்! ஒரு மாசத்தின்ரை பேரைப் பிழையாச் சொன்னதுக்கு. அண்டையிலை இருந்து ஆர் நேரம் கேட்டாலும் நான் சொல்லுறேல்லை. பஸ் எத்தினை மணிக்கு எண்டு ஒருத்தி கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுவன்.' சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முகம் சிரிப்புக்குப் போகாமல் பாதியில் நின்றது. 'நீயும் புருசன்ரை விசாவிலை நிக்கிறாய். பிள்ளையும் இருக்கு. யோசி.' ஹாலில் மெய்லின் போன் அடித்த மாதிரி இருந்தது. தவமணி அக்கா துண்டைத் தோளில் போட்டபடியே வெளியே ஓடினாள்.

யோசி என்றால் எதை யோசிப்பது, யோசிக்கிறதுக்கு ஒரு இடத்தில் நிற்க வேண்டாமா. அழகர்சாமியை நினைத்தால் அவன் முகம் வருவதற்கு முன்னால் அவன் சொல்கிறது வருகிறது, வெளிய எந்த வம்பும் வச்சுக்காத புள்ள, ஓனர் ஒரு வார்த்த எழுதிக் குடுத்தான்னா மறுநாள் மதுரை ப்ளைட்டுதான். சரி. வம்பு வேண்டாம். தொட்டியில் இன்னும் மிச்சம் இருப்பது ஸ்பூன்கள். ஸ்பூன்களைக் கழுவினாள். தட்டில் ஒரே ஒரு கப் மட்டும் கழுவாமல் கிடந்தது, அதை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது இப்போது தெரிந்தது. கோழிப் படம் போட்ட மஞ்சள் கப், ஐரீனுடையது, வீட்டிலிருந்து கொண்டுவந்து இங்கேயே வைத்திருப்பது. பாதி டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை கட்டி. விளிம்பில் ஒரு பக்கம் உதட்டுச் சாயம், அதற்குக் கீழே டீ வழிந்து காய்ந்த கோடு. ஐரீன் டீயை வழியவிடுகிற ஆள் இல்லை. இடது கையால் வாங்கினாள். எப்போதும் வலது கையால் வாங்கிக்கொண்டு இடது கையால் இவள் தோளைத் தட்டுவாள், இன்றைக்குத் தோளில் கை வரவில்லை, வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. வாயோரம் டீ இறங்கினது, அவளுக்கே தெரியவில்லை. பாண்டிச்செல்வி பார்த்தாள். துடைக்கச் சொல்லிக் காகிதம் நீட்டலாமா என்று நினைத்தாள், டீச்சரிடம் போய் வாய் வழிகிறது என்று எப்படிக் காட்டுவது என்று கூச்சமாக இருந்தது, தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். நகர்ந்துவிட்டாள். சித்தப்பாவுக்கு இப்படித்தான் வந்தது, பெட்டிக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் பீடி விரலிலிருந்து நழுவினது, எடுத்தார், மறுபடி நழுவினது, எல்லாரும் என்னப்பா பகல்லயேவா என்று கேலி பண்ணினார்கள். அப்புறம் வாய் கோணினதும் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று புறா தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இவள்தான் புறாவைப் பிடித்துக்கொண்டாள், இந்தக் கையால்தான், அது துடிக்கிற சூடு இப்போதும் உள்ளங்கையில் ஏறுகிறது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையெல்லாம் புறா ரத்தமாக இருந்ததைப் பார்த்துவிட்டு எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டபோது, சித்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்ன சொன்னாள்? இப்பத்தாம்மா, இப்பத்தான். ஊசியைப் போட்டார்கள். சித்தப்பா அன்றைக்குச் சாயங்காலம் போய்விட்டார். ஊசிதான் எமன் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள், சித்தியும் அழுதுகொண்டே அதைத்தான் பேசினாள், பாண்டிச்செல்வியும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள், ஐரீன் பலகையில் கடிகாரம் வரைகிற நாள் வரைக்கும்.

பீடி நழுவினது. எடுத்தார். மறுபடி நழுவினது. ஏன் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது, நழுவினது, எடுத்தார், நழுவினது என்று, டீ வழிந்ததை நினைத்தால் பீடியில் போய் முட்டுகிறது, பீடியிலிருந்து வேறு எதற்கோ போகப்பார்த்து நிற்கிறது. மஞ்சள் கப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை, சர்ச் வாசல் கேட், ஈரமாய்ப் பளபளக்கிற கல். கல்லில் ஏதோ கிணுங் என்று விழுந்தது. இப்போது இல்லை. மத்தியானம். வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து தண்ணி கொதிக்கவைக்கிறவள் இவள்தான், வாசலில் ஐரீனும் இவளும் ரக்‌ஷிதாவும் மட்டும்தான் நின்றார்கள், ஐரீன் பூட்டில் சாவியை நுழைக்கிறாள், நுழையவில்லை, சாவி கல்லில் விழுகிறது. இவள் குனிந்து எடுத்துக் கொடுக்கிறாள். மறுபடி விழுகிறது. ஐரீன் தன் விரல்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், குளிர், கிழவிக் கை என்கிறாள். இவளே பூட்டைத் திறக்கிறாள். டீயில் ஆரம்பிக்கவில்லை. டீக்கும் முன்னால், வகுப்புக்கும் முன்னால். ஐரீன் விழுந்தது முடிவு, எல்லாரும் அதை ஆரம்பம் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். இந்த உலகத்தில் அந்தச் சாவி விழுந்த சத்தத்தைக் கேட்டது, குழந்தையை விட்டால், ரெண்டே பேர், ஒருத்தி வாய் கோணிக் கிடக்கிறாள், இன்னொருத்தி கப்புக் கழுவுகிறாள். இந்நேரம் ஊசி போட்டிருப்பார்களா? போடப்போகிறார்களா? ஹாலில் தவமணி அக்காவின் குரல் கேட்டது, யாருக்கோ உரக்க, காது கேளாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி, ஜஸ்ட் நவ், யெஸ், ஜஸ்ட் நவ். அதற்குப் பின்னாலேயே இன்னொரு குரல், மழலை, ஒரு எழுத்துப் பிசகாமல், 'ஹலோ ஆம்புலன்ஸ் ப்ளீஸ், சர்ச் ஹால், எல்ம் ரோடு', அம்மாவின் ராகத்திலேயே, மூச்சு எடுக்கிற இடம்கூட அதே இடம். பரிமாறுகிற ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ரக்‌ஷிதா யாரும் மிதிக்காத அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிவப்பு போனைக் காதில் வைத்திருந்தது. கொஞ்ச நேரம் எதிர்முனையைக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்தது. அப்புறம் பெரிய மனுஷி மாதிரி, 'ஜஸ்ட் நவ்' என்றது.

குழாயை மூடினாள். மூடினதும் இவ்வளவு நேரமும் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது. கேட்கட்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்கட்டும், எழுதிக்கொள்ளட்டும், அழகர்சாமி பல்லைக் கடிக்கட்டும், மதுரை ப்ளைட்டு என்றால் ப்ளைட்டு. சொல்ல வேண்டியது இந்தச் சின்ன வாயில் எங்கே கிடக்கிறது, சாவிக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியும், கதவுக்குத் தெரியும், விழுந்ததுக்குத் தெரியும், அதைத்தானே அந்தப் பிளாஸ்டிக்கிடம் அவ்வளவு நன்றாகச் சொன்னாள். குழாயைப் பார்த்துச் சொல்லிப்பார்த்தாள், முதலில் சத்தம் இல்லாமல், அப்புறம் காற்றாக, அப்புறம் குரலாக. நாட் ஜஸ்ட் நவ். நோ. நாட் ஜஸ்ட் நவ், மேடம். ஆப்டர் டீ நோ, டீ டைம் நோ, பிஃபோர் டீ, கழுவாத மஞ்சள் கப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள், ஆறின டீ சட்டையில் சிந்தியது, பிஃபோர் கிளாஸ், அட் த டோர், ஹெர் ஹேண்ட், ரைட் ஹேண்ட், த கீ ஃபெல், ஐ கிவ், அகெய்ன் ஃபெல், ஐ ஓபன் த டோர், மீ, ஒன்லி மீ சா, ப்ளீஸ் டெல் டாக்டர், ஷீ வாஸ்

'செல்வி!' மெய்லின் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள், நீட்டிய கையில் நிஜ போன், பின்னால் தவமணி அக்கா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு, 'செல்வி, ஹாஸ்பிடல்! தே ஆஸ்க், ஹூ வாஸ் வித் ஹெர், செல்வி, கம், கம்!' என்று, பாண்டிச்செல்வி ஈரக்கையோடு அதை வாங்கிக் காதில் வைத்து, எதிர்முனையில் ஒரு பொம்பளைக் குரல் கேள்வியை முடிக்கிறதுக்குள்ளேயே, நாட் ஜஸ்ட் நவ், மேடம், மை நேம் இஸ் பாண்டிச்செல்வி, ஷீ வாஸ் அட் த டோர் அண்ட் த கீ